சனி இரவு 1.30 மணி: ஒளிபரப்பு நேரத்தை மனிதருக்கும் எந்திரத்துக்கும் எழுதுவது

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலில் ‘அக்டோபர் 25, சனி இரவு 1.30 மணி’ என்று இருந்தால், அதைப் படிப்பவர் யாரும் குழம்புவதில்லை. சனிக்கிழமை இரவு தூங்காமல் விழித்திருந்து பார்க்க வேண்டிய படம் அது என்று புரிந்துவிடும். நள்ளிரவு தாண்டியதும் நாட்காட்டியில் ஞாயிறு பிறந்துவிட்டதே என்று எவரும் திருத்தம் சொல்வதில்லை. நம் பேச்சில் இரவு என்பது விடியும்வரை நீள்கிறது, விடிந்தால்தான் மறுநாள். அதே வரியைப் பதிவுக் கருவியிடமோ நாட்காட்டிச் செயலியிடமோ கொடுத்தால், அது 25ஆம் தேதி 01:30 என்று எழுதிக்கொள்ளும். வெள்ளி இரவின் பின்பாதியிலேயே பதிவைத் தொடங்கி, முடித்தும் வைத்துவிடும். படம் ஒரு நாள் கழித்துத்தான் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது.

இது பேச்சுவழக்கின் கோளாறு மட்டுமல்ல. ஒளிபரப்பு நிறுவனங்களே தங்கள் நாளை நள்ளிரவில் முடிப்பதில்லை. காலை 5 அல்லது 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம்வரை ஓடுவதையே ஒரு நாளாகக் கணக்கிடுவது பல இடங்களில் வழக்கம். ஜப்பானியத் தொலைக்காட்சிகள் இதை எண்ணிலேயே வெளிப்படையாக எழுதிவிடுகின்றன: சனிக்கிழமை 25:30 மணி என்றால் ஞாயிறு அதிகாலை 1.30. பார்வைக்கு விநோதமாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை உண்டு. எந்த இரவைச் சேர்ந்தது, எத்தனை மணிக்கு என்ற இரண்டும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. பொதுப் போக்குவரத்துக் கால அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவமும் இதே காரணத்துக்காக 24 மணியைத் தாண்டிய நேரங்களை அனுமதிக்கிறது. கடைசிப் பேருந்து 25:35க்கு ஒரு நிறுத்தத்தை அடையலாம். ஆனால் வலைப்பக்கங்களிலும் நாட்காட்டிகளிலும் தேதியும் நேரமும் எழுதுவதை ஆளும் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 இந்த எழுத்துமுறையை ஏற்பதில்லை.

1988இல் முதலில் வெளியான அந்தத் தரம் தீர்த்துவைத்த சிக்கல் வேறு. 03/04/2025 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்ற பழைய தகராறை, பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்கும் ஒரே வரிசையை விதித்து அது முடித்துவைத்தது: 2025-04-03. ஆண்டு, மாதம், நாள், இடையில் டி என்ற ஓர் ஆங்கில எழுத்து, பிறகு மணியும் நிமிடமும், இறுதியில் பொது நேரமான யுடிசியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற குறிப்பு. இந்த வரிசையில் எழுதிய தேதிகளை வெறும் எழுத்துகளாக அடுக்கினாலே பெரும்பாலும் கால வரிசையும் வந்துவிடும். இணையப் பயன்பாட்டுக்காக அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக் கறாராக வரையறுத்த ஆர்எஃப்சி 3339 என்ற ஆவணம் (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப விதிகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவண வரிசை) 2002இல் வந்தது. எந்திரத்துக்கு எதை எழுதுவது என்பதில் அதன்பின் பெரிய சச்சரவு இல்லை. எங்கே எழுதுவது என்பதில்தான் சச்சரவு வந்தது.

2000களின் நடுவில், வலைப்பக்கத்தில் மனிதர் படிக்கும் அதே வரிகளுக்குள் எந்திரத்துக்கான குறிப்புகளையும் பொதிந்துவைக்கும் நுண்வடிவங்கள் பரவின. அவற்றுள் எச்-காலண்டர் என்பது, நாட்காட்டிச் செயலிகள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ள 1998இல் ஆர்எஃப்சி 2445 ஆக வெளியான ஐ-காலண்டர் தரத்தின் சொற்களை எடுத்து வலைப்பக்கத்துக்குள் கொண்டுவந்தது. நிகழ்வின் தொடக்கத்துக்கு அங்கே டிடிஸ்டார்ட் என்று பெயர். மனிதருக்கு ‘வியாழன் இரவு 8 மணி’ என்று தெரிய வேண்டும், எந்திரத்துக்கு 20080612 என்று தொடங்கும் இலக்கங்கள் கிடைக்க வேண்டும். இதற்காக, சுருக்கச் சொற்களின் விரிவைச் சொல்ல இருந்த ஏபிபிஆர் என்ற குறிச்சொல்லை (வலைப்பக்கத்தின் ஒரு பகுதி எத்தகையது என்று உலாவிக்குச் சொல்லும் குறி) கடன் வாங்கி, அதனோடு கூடுதல் தகவல் சேர்க்கும் டைட்டில் என்ற பண்புக்குள் எந்திரத் தேதியை வைத்தார்கள். ‘வியாழன் இரவு 8 மணி’ என்பது அந்த இலக்கச் சரத்தின் சுருக்கம்தானே என்பது வாதம். கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் டைட்டில் பண்பு எந்திரத்துக்கு ஒதுக்கிய மறைவிடம் அல்ல. மனிதர் பார்க்கவும் கேட்கவும் உரிய இடம் அது. சுட்டியை மேலே வைத்தால் அந்தச் சரம் சிறு பெட்டியாக எழும். சுருக்கங்களை விரித்துப் படிக்கும்படி அமைத்த திரைவாசிப்பான், பார்வையற்ற வாசகருக்கு ‘வியாழன் இரவு 8 மணி’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘இரண்டு கோடியே எண்பதாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு’ என்பது போல எதையாவது வாசித்துவைக்கும்.

பிபிசி தன் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றுக்கும் நிலையான வலைப்பக்கம் அமைக்கும் பெரிய வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நிகழ்ச்சி நிரல் பக்கங்கள் எச்-காலண்டருக்கு இயல்பான களம். அங்கே அது பயன்பாட்டிலும் இருந்தது. 2008 ஜூனில், மேற்சொன்ன அணுகல் சிக்கலைக் காரணம் காட்டி, அந்தப் பக்கங்களிலிருந்து எச்-காலண்டரை நீக்குவதாக அது அறிவித்தது. திரைவாசிப்பான் பயனர்களோடு, சுட்டிக்கடியில் எழும் புரியாத இலக்கங்களால் குழம்பக்கூடிய வாசகர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. நுண்வடிவச் சமூகம் மறு ஆண்டே தேதியையும் நேரத்தையும் துண்டுகளாகப் பிரித்து எழுதும் வேறொரு முறையை வகுத்தது. பிபிசியின் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் அணுகல் மட்டுமல்ல. சுருக்கம் அல்லாத ஒன்றைச் சுருக்கம் என்று குறித்தது, குறியிடலின் அடிப்படையிலேயே ஒரு பொய். அந்தப் பொய்யைத் திரைவாசிப்பான் உண்மையென்று எடுத்துக்கொண்டது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

பொய் சொல்லாமல் எழுத ஓர் இடம், வலைப்பக்கங்கள் எழுதும் மொழியின் புதிய பதிப்பான எச்டிஎம்எல்-5 வரைவில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. டைம் என்ற தனிக் குறிச்சொல்; உள்ளே மனிதர் படிக்கும் வாசகம் எந்த மொழியிலும் எந்த நடையிலும் இருக்கலாம்; டேட்டைம் என்ற பண்பில் எந்திரத்துக்கான வடிவம். இந்தப் பண்பை உலாவி படித்துக் காட்டுவதில்லை. பண்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாசகமே எந்திர வடிவத்தில் இருக்க வேண்டும். ‘மாலை 6 மணி’ என்றோ தமிழ் இலக்கங்களிலோ எழுதினால் அது செல்லாது. ஆகவே தமிழில் எழுதுபவருக்கு அந்தப் பண்பு ஏறத்தாழ எப்போதுமே தேவை. 2011 அக்டோபர் இறுதியில் வரைவின் ஆசிரியர் இயன் ஹிக்சன் இந்தக் குறிச்சொல்லையே எடுத்துவிட்டு, டேட்டா என்ற பொதுக் குறிச்சொல்லை வைத்தார். எதிர்ப்பு பலமாக எழவே, சில வாரங்களுக்குள் டைம் திரும்பி வந்தது. வரும்போது முன்னைவிட வளமாக வந்தது. ஆண்டு மட்டும், ஆண்டும் மாதமும் மட்டும், ஆண்டில்லாத மாதமும் நாளும், வாரம், கால அளவு ஆகியவற்றையும் இப்போது எழுதலாம்.

அந்தச் சேர்க்கைகளைச் சில்லறை வசதிகள் என்று கடந்துவிடக் கூடாது. நேரம் தெரியாத இடத்தில் நேரத்தை எழுதாமல் விட அவை வழி செய்தன. தேதி மட்டும் தெரிந்த நிகழ்ச்சிக்கு 00:00 என்று எந்திரத்துக்காக நிரப்பினால், நள்ளிரவில் தொடங்குகிறது என்ற புதுச் செய்தி பிறந்துவிடுகிறது. நிரப்பாமல் விட்டாலும் வேறு யாராவது நிரப்பிவிடுவது உண்டு: ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதியை மட்டும் 2025-10-26 என்று கொடுத்தால், அது யுடிசி நள்ளிரவு என்றே எடுத்துக்கொள்ளப்படும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவரின் உள்ளூர் நேரத்தில் அதைக் காட்டினால் 25ஆம் தேதி என்று வந்து நிற்கும். நானும் இதில் ஒருமுறை முழு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்; தரவில் தேதி சரி, திரையில் மட்டும் எல்லா நிகழ்ச்சிகளும் ஒரு நாள் முன்னால் நகர்ந்திருந்தன.

இனி அந்தச் சனி இரவுக்கு வருவோம். அலைவரிசை பிரிட்டனில் இருப்பதாகவும் ஆண்டு 2025 என்றும் வைத்துக்கொள்வோம். நிரலில் உள்ளதை நாட்காட்டிக்கு மாற்றினால் அது ஞாயிறு, 2025-10-26, 01:30. இத்துடன் முடியவில்லை. பிரிட்டனில் அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்புகிறது; 2025இல் அந்த ஞாயிறு 26ஆம் தேதிதான். ஆகவே அன்று 1.30 மணி இரண்டு முறை வரும்: முதலில் கோடை நேரத்தில், விலகல் +01:00, ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான நேரத்தில், விலகல் +00:00. விலகலையும் சேர்த்து எழுதினால் எது என்பது தெளிவாகிவிடும். விலகலுக்குப் பதில் நேர மண்டலத்தின் எழுத்துச் சுருக்கத்தை எழுதுவது ஆபத்து. பிஎஸ்டி என்பது பிரிட்டனின் கோடை நேரமாகவும் வங்கதேசத்தின் நேரமாகவும் இருக்கலாம். ஐஎஸ்டி இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. தொலைக்காட்சி நிரல்களைப் பரிமாறிக்கொள்ளப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்எம்எல்டிவி கோப்புகளில், ஒட்டி எழுதிய பதினான்கு இலக்கங்களுக்குப் பின் எண் வடிவ விலகலும் வரலாம், எழுத்துச் சுருக்கமும் வரலாம். இரண்டையும் எதிர்பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

விலகலை எழுதிவிட்டால் போதுமா என்றால், நடந்து முடிந்த ஒளிபரப்புக்குப் போதும். வரப்போவதற்குப் போதாது. மூன்று மாதம் கழித்து இரவு 8 மணிக்கு என்று அறிவிக்கும் நிறுவனம், அந்த ஊர்க் கடிகாரம் 8 காட்டும்போது என்றுதான் வாக்குக் கொடுக்கிறது. அன்று அந்த ஊரின் விலகல் என்ன என்பதை அரசு மாற்றலாம். 2023 மார்ச் 23 அன்று லெபனான் அரசு, 26ஆம் தேதி தொடங்க வேண்டிய கோடை நேரத்தை ஏப்ரல் பிற்பகுதிக்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. சில தொலைக்காட்சி நிறுவனங்களும் மாரோனைட் திருச்சபையும் அதை ஏற்காமல் 26ஆம் தேதியே கடிகாரத்தை முன்னகர்த்தின. ஒரே நாட்டில் சில நாள்கள் இரண்டு நேரங்கள் ஓடின. 27ஆம் தேதி அரசு முடிவைத் திரும்பப் பெற்று, 29ஆம் தேதி இரவு கடிகாரத்தை மாற்றியது. அந்த வாரத்துக்கான நிரலை விலகலோடு முன்கூட்டியே சேமித்திருந்த எந்த அமைப்பும், எண்ணில் பிழையே இல்லாமல் பிழையான நேரத்தைக் காட்டியிருக்கும்.

ஐ-காலண்டர் இதை முதலிலிருந்தே உணர்ந்திருந்தது. அதில் நேரத்தை மூன்று வகையாக எழுதலாம்: யுடிசியில், ஒரு நேர மண்டலத்தின் பெயரோடு உள்ளூர் நேரமாக, எந்த மண்டலமும் சொல்லாமல் மிதக்கும் நேரமாக. மண்டலப் பெயரோடு எழுதும்போது விலகலைக் கணக்கிடும் வேலை, இணையத்தின் பெயர், எண் பதிவேடுகளைப் பராமரிக்கும் ஐயானா அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தளம் போன்ற ஒன்றிடம் போகிறது. விதி மாறினால் தரவுத்தளம் புதுப்பிக்கப்படும், நிரலைத் தொட வேண்டியதில்லை. இரண்டு முறை வரும் 1.30க்கும் அங்கே விதி உண்டு: வேறு குறிப்பு இல்லையென்றால் முதல் முறை வருவதே. 2024இல் வந்த ஆர்எஃப்சி 9557, விலகலுக்குப் பின் சதுர அடைப்புக்குள் ஐரோப்பா/லண்டன் போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்து எழுதும் முறையைத் தரப்படுத்தியிருக்கிறது. விலகலும் பெயரும் முரண்பட்டால், நடுவில் விதி மாறியிருக்கலாம் என்பதையாவது எந்திரம் கண்டுகொள்ளும்.

மிதக்கும் நேரத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பெரிய வலையமைப்புகள் ‘8/7 சென்ட்ரல்’ என்று விளம்பரம் செய்கின்றன: கிழக்கு மண்டலத்தில் 8 மணி, மத்திய மண்டலத்தில் 7 மணி, இரண்டும் ஒரே கணம். மேற்குக் கரையில் அதே நிகழ்ச்சி பொதுவாக மூன்று மணி நேரம் தாமதித்து, அந்த ஊர்க் கடிகாரத்தில் 8 மணிக்கு வரும். அந்தச் சிறு விளம்பர வரியில் ஒரே ஒளிபரப்பு இல்லை. அதை ஒரே டைம் குறிச்சொல்லுக்குள் அடைத்து, ஒரே கணத்தைப் பண்பில் எழுதுபவர் நாட்டின் ஒரு பகுதிக்குத் தவறான தகவலைக் கொடுக்கிறார். இங்கே குறையை நேரத்தின் வடிவத்தில் தேடிப் பயனில்லை. எதற்கு நேரம் குறிக்கிறோம் என்பதே தெளிவாகவில்லை.

நிகழ்ச்சிக்கு நேரம் கிடையாது, ஒளிபரப்புக்குத்தான் உண்டு. பிபிசி தன் தரவுக்காக வகுத்த நிகழ்ச்சிச் சொற்களஞ்சியம் இதை மூன்று அடுக்காகப் பிரித்தது: அத்தியாயம் என்பது படைப்பு, அதற்குப் பல பதிப்புகள் இருக்கலாம், வெட்டிச் சுருக்கியது ஒன்று, சைகை மொழியோடு ஒன்று, பதிப்பு ஒவ்வொன்றும் பல முறை, பல அலைவரிசைகளில் ஒளிபரப்பாகலாம். தொடக்க நேரமும் முடிவு நேரமும் கடைசி அடுக்குக்கு மட்டுமே உரியவை. 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகிய தேடுபொறிகள் சேர்ந்து, பக்கத்தில் உள்ளதை எந்திரத்துக்கு விளக்கத் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்களஞ்சியத்திலும் ஒளிபரப்பு நிகழ்வுக்குத் தனி வகை இருக்கிறது. எந்த அலைவரிசையில், நேரலையா, எந்த நிகழ்வை ஒளிபரப்புகிறது என்பவற்றை அதில் தனித்தனியாகச் சொல்லலாம். கடைசிப் பண்பு விளையாட்டுக்கு மிக அவசியம். ஆட்டம் 7.30க்குத் தொடங்குகிறது, ஒளிபரப்பு 7க்கே தொடங்கிவிடுகிறது, மறு ஒளிபரப்பு மறுநாள் காலை வருகிறது. தொடக்க நேரம் என்று ஒரே பெட்டி வைத்தால் இம்மூன்றில் எது அதில் விழும் என்பது நிரலை உள்ளிடுபவரின் மனநிலையைப் பொறுத்தது.

முடிவு நேரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஐ-காலண்டரில் முடிவு என்பது நிகழ்வுக்கு வெளியே நிற்கும் எல்லை. 12 முதல் 14 வரை மூன்று நாள் விழா என்று மனிதருக்கு எழுதினால், எந்திரத்துக்கு முடிவு 15 என்று எழுத வேண்டும். மணிக்கணக்கில் இது உறுத்துவதில்லை. 8 முதல் 9 வரை என்றால் 9 மணிக்கு அடுத்தது தொடங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நாள்கணக்கில்தான் இரு தரப்பும் வேறு எண்களைச் சொல்கின்றன. மனிதருக்கான வாசகத்தை அப்படியே எந்திரத்துக்கும் பயன்படுத்தியவர்களின் விழாக்கள் நாட்காட்டிகளில் ஒரு நாள் குறைந்துபோயின.

இதுவரை பேசியது பக்கத்தில் எழுதும் குறிப்புகளைப் பற்றி. ஒளிபரப்பு அலையோடு சேர்ந்தே பயணிக்கும் குறிப்புகளும் உண்டு. ஐரோப்பாவில் உருவாகி உலகின் பல பகுதிகளில் பயன்படும் டிவிபி என்ற டிஜிட்டல் தொலைக்காட்சித் தரத்தில், ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்க நேரமும் 40 பிட்டுகளில் போகிறது. முதல் 16 பிட்டுகள், 1858 நவம்பர் 17ஐப் பூஜ்ஜியமாகக் கொண்டு எண்ணிய நாள்களின் எண்ணிக்கை. மீதி 24 பிட்டுகள், யுடிசியில் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றின் ஆறு இலக்கங்கள், இலக்கத்துக்கு நான்கு பிட்டுகள் வீதம். 1993 அக்டோபர் 13, பகல் 12.45 என்பது 49273 என்ற நாளெண்ணாகவும் 12, 45, 00 என்ற இலக்கங்களாகவும் செல்லும். மாதம் இல்லை, கிழமை இல்லை, மண்டலம் இல்லை. உள்ளூர் விலகலும் அது எப்போது மாறும் என்பதும் தனித் துண்டாக வருகின்றன, கூட்டிக் கழித்துக்கொள்வது தொலைக்காட்சிப் பெட்டியின் வேலை. 16 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 65535. அது 2038 ஏப்ரல் 22. பல கணினிகள் நொடிகளை எண்ணப் பயன்படுத்தும் யூனிக்ஸ் கடிகாரம் 32 பிட்டுகளில் நிரம்பிவிடும் பிரபலமான 2038 ஜனவரிச் சிக்கலுக்கு மூன்றே மாதம் பின்னால் வரும் இந்தத் தேதியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

இத்தனை துல்லியமும் பதிவுக் கருவிக்கு உதவாத நாள்கள் உண்டு. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் பின்னால் வரும் எல்லாமே தள்ளிப்போகும். அறிவித்த நேரத்தை நம்பிப் பதிவு செய்தவருக்குப் படத்தின் கடைசிக் காட்சி கிடைக்காது. 1985இல் ஜெர்மனியில் அறிமுகமான விபிஎஸ் முறை இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியோடும், முதலில் அறிவித்த நாளையும் நேரத்தையும் ஓர் அடையாளமாக நிலையம் அனுப்பிக்கொண்டிருக்கும். 20.15க்கு அறிவித்த படம் 20.40க்குத் தொடங்கினாலும், அதோடு போகும் அடையாளம் 20.15 என்றே இருக்கும். பதிவுக் கருவி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தன்னிடம் சொல்லிவைத்த 20.15 என்ற அடையாளம் வரும்வரை காத்திருந்து பதிவைத் தொடங்கி, அது மறைந்ததும் நிறுத்தும். அங்கே 20.15 என்பது நேரம் அல்ல. நேரம் போல் தோன்றும் ஒரு பெயர்.

வலையில் குறியிடுபவருக்கும் இந்தப் பிரிவினை பயன்படும். நேரத்தையே அடையாளமாக வைத்தால், நிகழ்ச்சி அரை மணி தள்ளிப்போனதும் எந்திரம் அதைப் புது நிகழ்ச்சியாக எண்ணி, சந்தாதாரரின் நாட்காட்டியில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிடும். ஐ-காலண்டர் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாறாத தனி அடையாளம் ஒன்றும், திருத்தம் எத்தனையாவது என்ற எண் ஒன்றும் கொடுத்து இதைத் தவிர்க்கிறது. ஸ்கீமா.ஆர்க்கில் நிகழ்வு மறு நேரத்துக்கு மாற்றப்பட்டது என்ற நிலையும், முன்பு அறிவித்த தொடக்கத் தேதிக்குத் தனிப் பண்பும் உள்ளன. நம் படமும் ஆட்டம் நீண்டதால் இருபது நிமிடம் தள்ளிப்போனது என்றால், பக்கத்தில் ‘சனி இரவு 1.50 (முன்பு அறிவித்தது 1.30)’ என்று இருக்கும். ஒவ்வொரு நேரமும் தனி டைம் குறிச்சொல்லுக்குள் அமையும். இரண்டின் பண்பிலும் தேதி 26 என்றே இருக்கும், விலகலும் உடன் வரும். கண்ணுக்குத் தெரியும் வரியில் மட்டும் அது சனி இரவாகவே இருக்கும்.